இரண்டு காதுக்கு ஒரே வேட்டு

மஞ்சள் பூசிய முகமும் மருதாணிக் கையுமாக ஒரு கல்யாணப் பெண் மாடிப்படி ஏறி வருவதைப் பார்த்ததும், காத்தவராயன் வாயிலிருந்த மெதுவடையை மெல்லாமலே விழுங்கினான்.

"டீச்சர், பொண்ணு வருது. மாப்பிள்ளையத்தான் காணோம்."

அவன் சொன்னது வெறும் கிண்டல். அடுத்த நிமிஷமே அது நிஜம் என்று தெரிந்தபோது வடை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

2009 வைகாசி. திருப்பாதிரிப்புலியூரில் அன்றைக்குத் தேர். கீழே தெரு முழுக்கத் தலைகள், நீர்மோர்ப் பந்தல்கள், பலூன்கள். மாடியில், 'லோகா துப்பறியும் நிலையம்' என்ற பலகைக்குப் பின்னால், லோகநாயகி மேஜைமேல் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். ஒரு காலத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். யார் பென்சில் யார் டப்பாவுக்குள் போயிருக்கிறது என்பதைப் பிள்ளைகளின் மூக்கு நுனியைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அந்தத் திறமையை நம்பி வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்தவள். பள்ளிக்கூடம் போனாலும் பழக்கம் போகவில்லை. எதையும் எதிரே இருப்பவர் மூன்றாம் வகுப்பு என்று நினைத்துக்கொண்டுதான் விளக்குவாள்.

காத்தவராயன் அவளைவிட வயதில் மூத்தவன். மைக் செட் போட்டுக்கொண்டிருந்தவன். கரண்ட் போய்விட்டால், "காணாமல் போன குழந்தையின் பெற்றோர் மேடைக்கு வரவும்" என்று மைக் இல்லாமலே அறிவித்து ஊரைக் கூட்டிய தொண்டை அவனுடையது.

"என் பேரு கனிமொழி. சிதம்பரத்துலேர்ந்து வர்றேன் மேடம். நாளைக்குக் காலைல எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளையக் கடத்திட்டாங்க" என்று சொன்ன அந்தப் பெண், சொல்லி முடித்ததும் களுக்கென்று சிரித்தாள்.

காத்தவராயன் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் காத்தவராயனைப் பார்த்தாள்.

"மன்னிச்சிக்குங்க. எனக்குப் பயம் வந்தா சிரிப்பு வந்துடும். சின்னப் புள்ளைலேர்ந்தே அப்படித்தான். எங்க தாத்தா சாவுக்கு என்னை ரூம்புல வெச்சிப் பூட்டிட்டாங்க." மறுபடியும் சிரித்தாள். ஆனால் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

மாப்பிள்ளை பெயர் செந்தமிழ்செல்வன். கடலூர் முதுநகரில் செல்போன் ரிப்பேர் கடை. நிச்சயம் ஆனதிலிருந்து தினமும் இருவரும் போனில் பேசுகிறார்கள். நேற்று சாயங்காலம் மண்டப வேலையாகச் சிதம்பரம் போவதாக வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறான். சிதம்பரத்துக்கு வரவில்லை. இன்று காலையில் அவன் நம்பரிலிருந்தே கனிமொழிக்குப் போன். பேசியது வேறு குரல்.

"அவுங்க வீட்டுல அவரு எங்க ஊர்ல இருக்காருன்னு நெனச்சிட்டிருக்காங்க. எங்க வீட்டுல அவரு கடலூர்ல இருக்காருன்னு நெனச்சிட்டிருக்காங்க. விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். பார்லர் போறேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன். அவரு மூட்டைப்பூச்சியக் கூட நசுக்க மாட்டாரு மேடம். ஏதாச்சும் பண்ணிட்டாங்கன்னா..."

சிரிப்பு வந்தது. துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு, தன் சைனா செட் போனில் பதிவாகியிருந்த குரலைப் போட்டுக் காட்டினாள்.

"மாப்பிள்ளை எங்ககிட்ட இருக்கான்ன்ன்... கல்யாணம் வேணாம்னு நீயே உன் வாயால சொல்லிடு... அப்பத்தான் அவன் உசுரோட வருவான்ன்ன்... போலீசுக்குப் போனே..."

பாழுங்கிணற்றின் அடியிலிருந்து வருவது போல் கும்மென்று ஒரு குரல். காத்தவராயனுக்குக் கை மயிர் எழுந்து நின்றது.

"டீச்சர், இது மனுசன் இல்ல. நான் வேணா பூசாரி யாரையாச்சும் கூட்டிட்டு வரட்டுமா?"

லோகநாயகி எழுந்து, ஓர் எவர்சில்வர் டம்ளரின் வாயில் பிளாஸ்டிக் கவரை இழுத்துக் கட்டி ரப்பர் பேண்டு போட்டாள். அதன்மேல் ஒரு சிட்டிகை சர்க்கரை தூவினாள்.

"காத்தண்ணே, இதுக்குப் பக்கத்துல வாயை வெச்சி ஆன்னு சொல்லுங்க."

"ஆஆஆ!"

சர்க்கரை கவர்மேல் குதித்துக் குதித்து ஆடியது. கனிமொழி குனிந்து பார்த்தாள்.

"அவரு தொடலை. ஊதலை. ஆனாலும் ஆடுது பாரு. சத்தம்னா நடுக்கம்மா. தொண்டை நடுங்கும். அது பக்கத்துல இருக்கிற காத்த இடிக்கும். அந்தக் காத்து அடுத்த காத்த இடிக்கும். தேர்க் கூட்டத்துல பின்னாடி ஒருத்தன் இடிச்சா வடம் பிடிக்கிறவன் வரைக்கும் இடி போகுதில்ல? ஆளு அங்கயேதான் நிப்பான், இடி மட்டும் போகும். அப்படித்தான் சத்தம். அது போறதுக்குக் காத்து வேணும்."

"நான் இங்கதான இருக்கேன் டீச்சர்" என்றான் காத்தவராயன்.

"இப்ப அந்தக் காத்த ஒரு பாத்திரத்துல அடைச்சா? அந்தத் தண்ணிக் குடத்தக் காலி பண்ணுங்க. வாயை வெச்சிட்டு, அவன் சொன்னதையே சொல்லுங்க."

காத்தவராயன் குடத்தைக் கவிழ்த்துவிட்டு, அதன் கழுத்தில் வாயை வைத்தான். "மாப்பிள்ளை எங்ககிட்ட இருக்கான்!"

கனிமொழி நாற்காலியிலிருந்து எகிறிக் குதித்தாள். அதே கிணறு. அதே பூதம்.

"உள்ள இருக்கிற காத்தும் சேர்ந்து நடுங்குது. குடத்துச் சுவரு சத்தத்த வெளிய விடாம திருப்பித் திருப்பி அனுப்புது. அதான் கும்முங்குது. இந்த ஆளு குடத்துக்குள்ள பேசுறான்."

"கத்தி வெச்சிருக்கிற கடத்தல்காரனப் பார்த்திருக்கேன், துப்பாக்கி வெச்சிருக்கிறவனையும் சினிமாவுல பார்த்திருக்கேன்" என்றான் காத்தவராயன். "குடம் வெச்சிருக்கிறவன இப்பத்தான் பார்க்கிறேன். தண்ணிக் கஷ்டம் ஜாஸ்தி போல."

அப்போது போன் அடித்தது. செல்வனின் நம்பர். லோகநாயகி கையைக் காட்டினாள்: ஸ்பீக்கரில் போடு, பேச்சை வளர்த்துக்கொண்டே போ.

"முடிவு பண்ணிட்டியாஆஆ?" என்றது குடம்.

பயத்தில் கனிமொழிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். போன் வழியாகப் போன அந்தச் சிரிப்பு மறுமுனையில் எப்படிக் கேட்டதோ, குரல் சட்டென்று இறங்கியது.

"அழாத... அழாதம்மா. இந்தா பாரு, தண்ணி குடி மொதல்ல."

அதே நேரத்தில் போனுக்குள் டமார் என்று ஒரு வேட்டு வெடித்தது. மூன்று பேரும் ஜன்னலைப் பார்த்தார்கள். தெருவில் ஒன்றுமில்லை. ஒரு தும்மலைத் தும்மி முடிக்கிற நேரம் கழித்து, ஜன்னல் கண்ணாடி கடகடக்க, வெளியே டமார்!

"சரி... சாப்பிட்டியா?" என்று கேட்ட குடம், நாக்கைக் கடித்துக்கொண்டது போல் உடனே போனை வைத்துவிட்டது.

"டீச்சர், ஒரே வேட்டு இரண்டு தடவை வெடிக்குமா?"

லோகநாயகியின் முகம் மூன்றாம் வகுப்பில் சரியான விடை வந்த நாள் போல் மலர்ந்திருந்தது. "வேட்டு ஒண்ணுதான் அண்ணே. வந்த வழிதான் ரெண்டு. இந்த வருஷம் கூட்டம்னு தெருவுல வெடிக்க விடாம கெடிலம் ஆத்து மணல்ல வெச்சி வெடிக்கிறாங்க. தேர் ஒவ்வொரு முனை திரும்பும்போதும் ஒரு வேட்டு. அந்தச் சத்தம் காத்து வழியா நம்ம ஜன்னலுக்கு நடந்து வருது. ஒரு கிலோமீட்டர் வர மூணு செகண்டு ஆகும். மின்னல் முன்னாடி, இடி பின்னாடி வர்றது எதனால? வெளிச்சம் ஓடுது, சத்தம் நடக்குது. ஆனா போனுக்குள்ள போன சத்தம் மின்சாரமா மாறி, அலையா மாறி, வெளிச்சத்தோட கையப் பிடிச்சிக்கிட்டு ஓடி வந்துடும். அப்ப போன்ல மொதல்ல கேட்டா என்ன அர்த்தம்?"

"வேட்டு மொதல்ல அவன் காதுக்குப் போச்சு" என்றாள் கனிமொழி மெதுவாக. "நம்மளவிட அவன் ஆத்துக்குப் பக்கத்துல இருக்கான்!"

"வெரி குட்" என்று சொல்லிவிட்டு லோகநாயகி செருப்பைத் தேடினாள்.

தேர்க் கூட்டத்தில் வண்டி எடுக்க வழியில்லை. நடந்தார்கள். மஞ்சள் முகத்தோடு ஒரு கல்யாணப் பெண் விறுவிறுவென்று போவதைப் பார்த்து ஊரே வழிவிட்டது. "பொண்ணு சாமி பார்க்க வந்திருக்கு, தள்ளுங்க தள்ளுங்க" என்றார் ஒருவர். ஒரு பந்தலில் அவள் கையில் நீர்மோரைத் திணித்தார்கள். அடுத்த பந்தலில் பானகம். மூன்றாவது பந்தலில் கனிமொழியின் பங்கையும் சேர்த்துக் காத்தவராயனே குடித்தான்.

"இப்ப நீயே போன் போடு" என்றாள் லோகநாயகி. "கல்யாணத்த நிறுத்த சம்மதம்னு சொல்லு. ஆனா வீட்டுல என்ன காரணம் சொல்றதுன்னு தெரியல, நீங்களே சொல்லிக் குடுங்கன்னு கேளு. அடுத்த வேட்டு வரைக்கும் விடாத. நாங்க பேசும்போது மட்டும் மைக்க விரலால மூடிக்க."

கனிமொழி அப்படியே கேட்டாள். மறுமுனையில் குடம் ஆழ்ந்து யோசித்தது.

"வயித்து வலின்னு சொல்லேன்ன்ன்..."

"வயித்து வலி ஒரு நாள்ல சரியாயிடுமே. அப்புறம் அடுத்த முகூர்த்தத்துக்கு நாள் குறிச்சிடுவாங்களே."

"ஆமால்ல..." என்றது குடம் கவலையோடு. "அப்ப மஞ்சக்காமாலை..."

"எங்க குடும்பத்துல எல்லாரையும் கூட்டிட்டுப் போயி மருந்து குடுத்துடுவாங்க."

காத்தவராயன் தலையில் அடித்துக்கொண்டான். "இவ்ளோ பொறுமையான கடத்தல்காரன் கிடைச்சா என் சம்சாரத்தையே கடத்தச் சொல்லலாம் டீச்சர்."

டமார்! போனில் ஒன்று. இதோ, வெளியில் ஒன்று. இடையில் ஒரு கண்சிமிட்டல்தான்.

"நெருங்கிட்டோம்" என்று லோகநாயகி ஓடவே ஆரம்பித்தாள்.

பாலத்தை அடைந்தபோது ஆற்று மணலில் வேட்டுக்காரர் நெருப்பு வைத்துவிட்டு விலகி ஓடுவது தெரிந்தது. வெள்ளைப் புகை குபீரென்று எழும்பியது. அப்புறம்தான் சத்தம் வந்து மார்பில் அறைந்தது. அதற்கும் அப்புறம், போனுக்குள் சின்னதாக ஒரு டமார்.

"இப்ப தலைகீழா வருது" என்றான் காத்தவராயன், காதைக் குடைந்துகொண்டே.

"ஏன்னா தாண்டி வந்துட்டோம். இப்ப அவனைவிட நாம வேட்டுக்குப் பக்கத்துல இருக்கோம். ஊருக்குள்ள கொஞ்சம் திரும்பிப் போகணும்."

"போலாம் டீச்சர். ஆனா எந்தப் பக்கம்? வேட்டுலேர்ந்து இவ்ளோ தூரம்னுதான் நமக்குத் தெரியும். அதே தூரத்துல சுத்துப்பட்டு வீடெல்லாம் இருக்கே. ஆத்துக்கு அந்தப் பக்கம் மஞ்சக்குப்பத்துல பாதி, இந்தப் பக்கம் பாதி. ஒவ்வொரு வீடாப் போயி, 'அம்மா இங்க கடத்தல் நடக்குதா'ன்னு கேக்க முடியுமா?"

கேள்வி நியாயமானதுதான். லோகநாயகி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். கனிமொழியின் முகத்தில் மஞ்சள் வியர்வையில் கரைந்து வழிந்துகொண்டிருந்தது. முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு ராத்திரிதான் பாக்கி. வழியெல்லாம் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த தைரியம் அந்த இடத்தில் கழன்றுவிட, அவள் பாலத்தின் மீதே உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். இந்தச் சிரிப்பைக் கேட்கக் காத்தவராயனுக்குப் பொறுக்கவில்லை.

"எழுந்திரும்மா. உன் மாப்பிள்ளைய இன்னிக்குக் கண்டுபிடிக்கலன்னா நான் என் தொண்டையையே வித்துட்டுப் போறேன்."

லோகநாயகி சட்டென்று நிமிர்ந்தாள்.

"அண்ணே, என்ன சொன்னீங்க?"

"ஒரு பேச்சுக்குத்தான் டீச்சர்..."

"வேட்டு ஒரே இடத்துல நிக்குது. அதான் நமக்கு வட்டம் மட்டும் கிடைக்குது. நகர்ந்து போற வேட்டு ஒண்ணு இருந்தா? சத்தம் குளத்து அலை மாதிரி அண்ணே, தூரம் போகப் போக நாலு பக்கமும் பரவி இளைச்சிடும். கிட்டப் போகப் போகப் பெருசா கேக்கும். நீங்க சந்து சந்தா கத்திக்கிட்டுப் போங்க. நாங்க போன்ல கேக்கிறோம். உங்க சத்தம் எந்தச் சந்துல போன் வழியா நல்லாக் கேக்குதோ, அங்கதான் அந்தக் குடம். அவன் போனுக்குள்ள தேர் நாயனம் லேசாக் கேட்டுச்சு, அதனால மஞ்சக்குப்பம் இல்ல. இந்தப் பக்கம் இருக்கிற சந்துங்க போதும்."

"என்னன்னு கத்துறது? கனிமொழி மாப்பிள்ளை, கனிமொழி மாப்பிள்ளைன்னா?"

"யாரும் சந்தேகப்படாத மாதிரி எதையாச்சும்."

ஒரு டீக்கடையில் சைக்கிளை இரவல் வாங்கி, பின்னால் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு, காத்தவராயன் முதல் சந்துக்குள் நுழைந்தான். மைக் செட்டுக்காரனின் தொண்டை பல வருஷத்துக்குப் பிறகு முழுசாகத் திறந்தது.

"பழைய இரும்பு, பித்தளை, ஈயம், அலுமினியத்துக்குப் பேரீச்சம்பழேஏஏய்!"

மாடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகூட அசைந்தது போலிருந்தது. சந்து முனையில் பெண்கள் இருவரும் போனில் காதை வைத்தார்கள். குடம் இப்போது 'ஜாதகத்தில் தோஷம்' என்ற யோசனைக்கு வந்திருந்தது. பேரீச்சம்பழம் கேட்கவில்லை. லோகநாயகி கையை ஆட்டினாள்: அடுத்தது.

இரண்டாவது சந்தில் ஒரு பாட்டியம்மா உடைந்த குக்கரோடு ஓடி வந்து சைக்கிளை மறித்தாள்.

"பழத்தைக் காட்டு."

"பழம் நாளைக்கு வருதும்மா."

"அப்ப இன்னிக்கு எதுக்குடா கத்துறே?"

அவன் சைக்கிளை மிதித்துத் தப்பினான். ஆனால் இந்த முறை போனில், தோஷப் பேச்சுக்குப் பின்னால், கொசு பாடுவது போல் 'பழேஏய்' என்று கேட்டது. கனிமொழி லோகநாயகியின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

மூன்றாவது சந்து. தென்னை மரம் ஒன்று சாய்ந்து நிற்கும் குறுகிய சந்து. காத்தவராயன் மூச்சை இழுத்து, அடிவயிற்றிலிருந்து விட்டான்.

"பித்தளைக்கு டபுள் பழேஏஏஏய்!"

போன் அலறியது. அதற்குமேல் நடந்ததைக் கனிமொழி இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பயத்தில் வரும் சிரிப்பு இல்லை, நிஜச் சிரிப்பு. பூதக் குரல், "செவ்வாய் தோஷம்னு சொன்னா யாரும் மறுத்துப் பேச மாட்டாங்க்க்க்..." என்று இழுத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு பெண் குரல் வீறிட்டது.

"டேய், குடுடா அந்தக் குடத்த! ஓட்டக் குடத்த வெச்சிக்கிட்டு என்னா பண்றே? பேரீச்சம்பழக்காரன் போயிடப் போறான்!"

டங்கென்று ஒரு சத்தம். அப்புறம் குடமே இல்லாத, கிணறே இல்லாத, கனிமொழி தினமும் கேட்டுப் பழகிய மெல்லிய குரல்:

"அத்தை! அத்தை, இரு! அது வேணும் அத்தை!"

நீலக் கதவு ஒன்று திறந்தது. பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் வெளியே வந்தாள். அவள் பின்னாலேயே கைலியும் பனியனுமாக, காதில் போனோடு ஓர் இளைஞன் ஓடி வந்தான்.

"அத்தை!" என்றது போன். "அத்தை!" என்றது சந்து. கனிமொழியின் இரண்டு காதிலும் ஒரே நேரத்தில்.

செந்தமிழ்செல்வன் அவளைப் பார்த்தான். போனைப் பார்த்தான். எதிலிருந்து பேசுவது என்று தெரியாதவன் போல், போனிலேயே மெதுவாகச் சொன்னான்: "கனி... நீ எப்படி இங்க?"

"கட் பண்ணுங்க" என்றாள் கனிமொழி. அவள் சிரிக்கவில்லை. பயம் போய்விட்டது, கூடவே சிரிப்பும் போய்விட்டது. "விடிஞ்சதுலேர்ந்து என் உசுரு என்கிட்ட இல்ல. உங்கள எங்க கட்டிப் போட்டிருக்காங்களோ, அடிச்சாங்களோ, தண்ணி குடுத்தாங்களோன்னு... பஸ்ஸுல வர்ற வழியெல்லாம் சிரிச்சிக்கிட்டே வந்தேன். பக்கத்து சீட்டுக்காரங்க எழுந்திரிச்சிப் போயிட்டாங்க. என்னைப் புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லியிருக்கலாமே!"

அப்புறம் அழுதாள். அவள் அழுது அப்போதுதான் அவர்கள் பார்த்தார்கள். செல்வன் குடத்தைப் பறிகொடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

"புடிக்கலையா? புடிச்சதாலதான் கனி..."

"மாப்பிள்ளைய யாரும் கடத்தல, மாப்பிள்ளையேதான் கடத்தல்காரன்னு எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள் லோகநாயகி. "எந்தக் கடத்தல்காரன் சாப்பிட்டியான்னு கேப்பான்? தினம் போன்ல கேட்டுப் பழகின வாயி, தானா கேட்டுடுச்சு. ஆனா காரணம்தான் எனக்குத் தெரியல. சொல்லுங்க."

செல்வன் தலையைக் குனிந்துகொண்டான். "குறட்டை" என்றான்.

"என்னது?"

"நான் குறட்டை விடுவேன் மேடம். சாதாரணமா இல்ல. போன வாரம் சித்தப்பா பசங்க அதை ரெக்கார்டு பண்ணி ரிங்டோனா மாத்தி, ப்ளூடூத்துல எல்லாருக்கும் அனுப்பிட்டானுங்க. இப்ப கடலூர்ல பாதிப் பேரு போன்ல நான்தான் குறட்டை விடுறேன். பஸ்ஸுல யாருக்காச்சும் போன் வந்தா எனக்கு உடம்பு கூசுது. கல்யாணம் ஆகி மொத நாளே கனி எழுந்திரிச்சி ஓடிட்டான்னா? நேரா சொல்ல நாக்கு வரல. அவளே வேணாம்னு சொல்லிட்டா அவளுக்கும் கெட்ட பேரு இருக்காது, எனக்கும் மானம் போகாதுன்னு... சௌந்தரம் அத்தைக்குக் காது கேக்காது. எங்க வீட்டோட பேச்சுவார்த்தையும் இல்ல. சின்ன வயசுலேர்ந்து நான் நிம்மதியாத் தூங்கினது இந்த வீட்டுல மட்டும்தான். அதான் இங்க வந்துட்டேன்."

"எது எப்படியோ" என்றாள் சௌந்தரம், பேசியது எதுவும் காதில் விழாமல், காத்தவராயனை வாஞ்சையோடு பார்த்து. "நாலஞ்சு வருசத்துல இந்தக் காதுல தானா விழுந்த மொத சத்தம் உன்னுதுதாம்ப்பா. நல்லா இரு. பழம் எங்க?"

இந்தப் பாராட்டில் காத்தவராயன் நெஞ்சை நிமிர்த்திய நேரத்தில் அவன் சட்டைப் பையில் ஒரு புல்டோசர் கிளம்பியது. கர்ர்ர்... புஸ்ஸ்... கர்ர்ர்ரக்... புஸ்ஸ்... சைக்கிள் மணி தானாகக் கிணுகிணுத்தது. அவன் சம்சாரம் போன் பண்ணுகிறாள்.

செல்வன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"புல்டோசர்னு நெனச்சி வெச்சேன் தம்பி" என்றான் காத்தவராயன் அசடு வழிய. "சத்தியமா ஒரு மனுசன்னு தெரியாது."

போனை அணைக்கப் போன அவன் கையைக் கனிமொழி தடுத்தாள். "இருங்க அண்ணே. இது அவரா?"

"ஆமாம்மா."

அவள் அந்தப் போனை வாங்கிக் காதோரம் வைத்துக்கொண்டாள். கர்ர்ர்... புஸ்ஸ்... கேட்கக் கேட்க, அவள் முகத்தில் இறுகியிருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. இமை தாழ்ந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கனிமொழி வாயை அகலமாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டாள்.

"எங்க வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ரைஸ் மில்" என்றாள். "பொறந்ததுலேர்ந்து அந்தச் சத்தத்துலயேதான் தூங்கியிருக்கேன். தை மாசம் மில்ல மூடிட்டாங்க. அன்னிலேர்ந்து ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல. நிச்சயத்துக்கு அப்புறம் நீங்க தினமும் போன்ல தூக்கம் வருதான்னு கேப்பீங்க, நான் வருதுன்னு பொய் சொல்லுவேன். தூக்கம் வராத பொண்ணுன்னு தெரிஞ்சா ஏதோ வியாதின்னு நெனச்சிடுவீங்களோன்னு எனக்கும் பயம்."

செல்வன் முகத்திலிருந்து கையை எடுத்தான். "நெஜமாவா?"

"இன்னொரு தடவ போடுங்க அண்ணே" என்றாள் அவள் காத்தவராயனிடம்.

அவன் சம்சாரம் மறுபடி மறுபடி போன் பண்ணிக்கொண்டேதான் இருந்தாள். அவன் எடுக்கவேயில்லை.

வாடகை வண்டி ஓட்டும் கொளஞ்சியின் ஆம்னி வேன் சாயங்காலம் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் கிளம்பியது. சௌந்தரமும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஏறினாள். அவள் அண்ணன், அதாவது செல்வனின் அப்பா, கல்யாணத்துக்குப் போனில்தான் அழைத்தாராம். அது அவள் காதில் விழாததுதான் சண்டைக்குக் காரணம் என்று செல்வன் அவள் காதருகே கத்திப் புரியவைத்தபோது, "அதை அந்த மனுசன் நேர்ல வந்து கத்தியிருக்கலாம்ல?" என்றாள். லோகநாயகி கனிமொழியின் அப்பாவுக்குப் போன் போட்டு, பெண்ணும் மாப்பிள்ளையும் பத்திரம், கூடவே வருகிறோம் என்று மட்டும் சொன்னாள். மீதியை அவர்களே சொல்லிக்கொள்ளட்டும்.

ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் செல்வன் தூங்கிவிட்டான். கர்ர்ர் என்று ஆரம்பித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டேஷ்போர்டுப் பிள்ளையார் இடமும் வலமும் ஆடினார். காத்தவராயன் காதில் பஞ்சைத் திணித்துக்கொண்டான்.

"பஞ்சு போதாது டீச்சர். மெத்தையே வேணும்."

சௌந்தரம் உட்கார்ந்திருந்த சீட்டைத் தடவிப் பார்த்தாள். "இந்த வண்டி இன்ஜின் நல்லா ஓடுதேப்பா. சீட்டெல்லாம் நடுங்குது!"

கொளஞ்சி கண்ணாடியில் பின்னால் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

அந்த இரைச்சலின் நடுவில், செல்வனின் தோளில் தலை சாய்த்து, மஞ்சள் காய்ந்த முகத்தோடு கனிமொழி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வெள்ளாற்றுப் பாலத்தின் இணைப்புகளில் வண்டி தடக் தடக் என்று குதித்தபோதும் அவள் அசையவில்லை. பல மாதத் தூக்கத்தையும் ஒரே மூச்சில் தூங்கித் தீர்ப்பவள் போலிருந்தாள்.

சிதம்பரம் வந்தது. கோபுரத்தின் மேல் கடைசி வெயில். தெற்கு வீதி மண்டப வாசலில் வாழைமரம் கட்டி, சீரியல் பல்பு எரியவிட்டு, இரண்டு வீட்டாரும் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்பது தூரத்திலேயே தெரிந்தது. கொளஞ்சி வேகத்தைக் குறைத்தான். காத்தவராயன் பஞ்சை எடுத்துவிட்டு, பின்னால் திரும்பி, தொண்டையைச் செருமினான். அந்தத் தொண்டையால் எழுப்பினால் மண்டபத்தில் சமைத்துக்கொண்டிருப்பவர்களும் எழுந்து நிற்பார்கள்.

லோகநாயகி அவன் கையைப் பிடித்தாள்.

"வேணாம் அண்ணே. கொளஞ்சி, நீங்க நிறுத்தாதீங்க. நாலு வீதியும் ஒரு சுத்து சுத்திட்டு வாங்க."

கொளஞ்சி வண்டியை மேல வீதிப் பக்கம் திருப்பினான்.